மூடாத வாய்: காரணம் பிடிபடாத ஒரு தாடைத் தளர்ச்சி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், செப்டம்பர் 27ஆம் நாள் காலை, ஆறு வயதான ஆண் நாய் ஒன்று நான் பணிபுரியும் சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. விதைநீக்கம் செய்யப்பட்டது, லாப்ரடார் வழி வந்த கலப்பினம், எடை 27.4 கிலோ, பெயர் பிரின்ஸ். முந்தைய நாள் நண்பகலிலிருந்து வாயை மூடவில்லை, தட்டில் வைத்ததைத் தின்னவில்லை, எச்சில் ஓயாமல் ஒழுகுகிறது என்பன குடும்பத்தார் சொன்ன மூன்று குறைகள். வரவேற்பில் இருந்தவர் இவற்றைச் சுருக்கி, ‘தாடை பூட்டிக்கொண்டது’ என்று ஒரே வரியில் எழுதி வைத்திருந்தார்.

அந்த வரியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் போனாலும் பூட்டிக்கொண்டது என்கிறோம். திறந்த வாய் மூடாமல் நின்றாலும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். மருத்துவத்தில் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் உள்ள ஊர்கள். திறக்காத வாய் என்றால் மெல்லும் தசைகளின் அழற்சி, இரண ஜன்னி, விழிக்குப் பின்னால் சீழ்க்கட்டு என்று எண்ணம் ஓடும். மூடாத வாய் என்றால், நான் வாழும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், வேறு எதையும் எண்ணுவதற்கு முன்னால் ரேபிஸை எண்ணியாக வேண்டும். ஆகவே நாயை உள்ளே அழைக்காமல் நானே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

காரின் பின்னிருக்கையில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இவ்வூர்த் தமிழர் வீடுகளில் பாட்டியை ஆயா என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வண்டியை ஓட்டி வந்த பேரன், எலும்பு ஏதோ மாட்டியிருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆயா தமிழில் மறுத்தார்.

“எலும்பு ஏது தம்பி? புரட்டாசி பொறந்ததுலேருந்து வீட்டுல கறியே இல்ல. இருந்தாலும் ராத்திரி விரலை விட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் தட்டுப்படல.”

இந்தச் சான்று சாதாரணமானதன்று. தென்னாப்பிரிக்கத் தமிழர் புரட்டாசி விரதத்தைக் காக்கும் கண்டிப்பை, சென்னையில் படித்து வளர்ந்த நான் டர்பனுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். தமிழ் பேசுவதை விட்டுப் பல தலைமுறையான குடும்பங்கள்கூட அந்த மாதத்தில் இறைச்சிச் சட்டியை எடுத்து மேலே வைத்துவிடுகின்றன. ஆகவே ஆயாவின் சொல்லை எக்ஸ்ரே படத்துக்கு ஈடாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் என் கண் அவர் சொல்லில் நிற்கவில்லை. வலக்கையின் ஆட்காட்டி விரலில் சுற்றியிருந்த துணியில் நின்றது. பாத்திரம் துலக்கித் துலக்கி வெடித்த விரல். அந்த வெடிப்போடுதான் அவர் நாயின் தொண்டை வரை துழாவியிருக்கிறார்.

நாயைக் காரிலேயே விட்டுவிட்டு, ஆயாவை வெளிக்குழாய்க்கு அழைத்துச் சென்று, சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கைகழுவ வைத்தோம். இந்த நோயாளிக்கு நான் செய்த முதல் சிகிச்சை, நாய்க்குச் செய்ததன்று.

இவ்வளவு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. நாய்வழி ரேபிஸ் 1961இல் மொசாம்பிக் பக்கமிருந்து இந்த மாகாணத்துக்குள் வந்தது. தடுப்பூசி இயக்கங்களால் சில ஆண்டுகளில் அடக்கப்பட்டது. 1976இல் மீண்டும் நுழைந்து, அன்று முதல் இங்கேயே தங்கிவிட்டது. ரேபிஸ் என்றதும் மக்கள் மனத்தில் எழுவது கண்ணில் பட்டவரையெல்லாம் கடிக்கும் நாய். ஆனால் நோய்க்கு இன்னொரு முகம் உண்டு. அந்த நாய் கடிக்காது, ஒரு மூலையில் ஒடுங்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் வழியும், குரைப்பு கம்மும். தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருப்பதால், வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவரும் இரக்கத்தோடு வாய்க்குள் கைவிடுகிறார்கள். சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தொங்கும் தாடையைக் கண்டால் முதலில் உன் கைகளைப் பைக்குள் போட்டுக்கொள் என்பார்.

தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். நான்கு மாதக் குட்டியாக இருந்தபோது போட்ட ஒரே ரேபிஸ் ஊசி அதில் பதிவாகியிருந்தது. தென்னாப்பிரிக்க விதிப்படி மூன்று மாத வயதில் முதல் ஊசி, பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு ஊசி, அதுவும் ஐந்தரை ஆண்டுக்கு முந்தையது, நாயைக் காக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வேறு நாயோடு சண்டை உண்டா என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் பேரனுக்கு நினைவு வந்தது: ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன்பு, பள்ளத்திலிருந்து வேலி நுழைந்து வந்த தெருநாய் ஒன்று பிரின்ஸின் தோளைக் கடித்திருந்தது. புண் தானே ஆறிவிட்டதால் யாருக்கும் காட்டவில்லை. ரேபிஸ் நோய் நாயின் உடலில் வெளிப்படாமல் இருக்கும் காலம் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வாரம் என்பதை எண்ணியபோது, அந்த மூன்று வாரக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

இனி, நாயைப் பார்த்ததில் கிடைத்தவை. முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறையோடு, ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களாகிய நானும் செவிலியர் ஒருவரும் மட்டும் தனிமைக் கூண்டில் வைத்துப் பார்த்தோம். பிரின்ஸ் தானாக நடந்து வந்தது. நான்கு கால்களும் உறுதியாக இருந்தன. பெயரைச் சொன்னதும் வாலை ஆட்டியது. உடல் வெப்பம் 38.6 பாகை செல்சியஸ். நீரிழப்பு சிறிதளவு. கூண்டின் கதவை அடைத்தபோது குரைத்தது. அந்தக் குரைப்பில் கம்மல் இல்லை என்று பேரன் வெளியிலிருந்து சொன்னார். கீழ்த்தாடை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் தொங்கியது. நாக்கு வெளியே கிடந்தாலும் அதை உள்ளிழுக்கவும் மூக்கை நக்கவும் முடிந்தது. சுருட்டிய துண்டொன்றை மோவாய்க்குக் கீழே கொடுத்து மெல்ல உயர்த்தினேன். தாடை எந்தத் தடையும் வலியும் இன்றி முழுதாக மூடியது. துண்டை எடுத்ததும் கதவுக் கீல் கழன்றது போல மறுபடி தொங்கியது.

அந்தத் துண்டு எனக்கு நிறையச் சொன்னது. தாடை மூட்டு நழுவியிருந்தாலோ, எலும்பு முறிந்திருந்தாலோ, அண்ணத்தில் குறுக்காக ஏதேனும் சிக்கியிருந்தாலோ, கையால் மூடும்போது தடுக்கும் அல்லது நாய் துள்ளும். தடையில்லாமல் மூடி, விட்டதும் விழுகிறது என்றால் குற்றம் எலும்பிலோ மூட்டிலோ இல்லை. மூட வேண்டிய தசைகளுக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. கீழ்த்தாடை தன் எடையால் தானே திறக்கும். அதை மூடி வைப்பவை நெற்றிப்பொட்டுத் தசை, கன்னத் தசை, உட்புறமுள்ள சிறகுத் தசைகள் ஆகியவை. இவை அனைத்தையும் இயக்குவது ஐந்தாம் கபால நரம்பாகிய முக்கிளை நரம்பின் மூன்றாம் கிளை. ஒரு பக்கத்து நரம்பு மட்டும் செயலிழந்தால் மறுபக்கம் ஈடுகொடுக்கும். அந்தப் பக்கத்துத் தசை மெலியுமே தவிர வாய் மூடும். வாய் முழுதாகத் தொங்க வேண்டுமானால் இருபக்க நரம்பும் ஒரே சமயத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். விழுங்குவதும் நாக்கை அசைப்பதும் வேறு நரம்புகளின் வேலை என்பதால், நாக்கு இயங்கியதும் குரல் மாறாமல் இருந்ததும் சற்று ஆறுதலாக இருந்தன. சற்றுத்தான். நோயின் முதல் நாளில் ரேபிஸும் இப்படித் தாடையில் மட்டும் தொடங்கக் கூடும்.

எச்சிலைப் பற்றி ஒரு சொல். இந்த நாய்க்கு எச்சில் அதிகமாகச் சுரக்கவில்லை. வழக்கமாகச் சுரப்பதே மூடாத வாயிலிருந்து வெளியே வழிந்தது. டர்பனில் எச்சில் ஒழுகும் நாயைக் கண்டால், சாணிவண்டு தின்னும் நாய்களின் உணவுக்குழாயில் கட்டி உண்டாக்கும் ஸ்பைரோசெர்கா புழுவையும் எண்ணுவது வழக்கம். அதற்காகப் பிறகு மார்புப் படம் எடுத்தேன், ஒன்றுமில்லை. இங்கே எல்லோரும் பிலியரி என்று சொல்லும் உண்ணிக் காய்ச்சலுக்கும் இரத்தப் பூச்சு பார்த்தேன். பபேசியா ஒட்டுண்ணி இல்லை. இந்தக் கடற்கரையில் கால் இடறிய நாய்க்குக்கூட இரத்தப் பூச்சு பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம்.

ரேபிஸ் தென்னாப்பிரிக்காவில் 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்துக்குள் அடங்கும் நோய். ஐயம் எழுந்த உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அதன்பின் நடந்த உரையாடலே இந்த நிகழ்வின் கடினமான பகுதி. உயிருள்ள நாயில் ரேபிஸை உறுதிசெய்யவோ விலக்கவோ நம்பத்தக்க சோதனை கிடையாது. மூளைத் திசுவை ஒளிரும் எதிர்ப்பொருள் முறையால் பார்க்க வேண்டும். எங்கள் மாகாணத்தில் அதைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள அல்லர்ட்டன் ஆய்வகம் செய்கிறது. அதாவது, உடனே தெரிந்துகொள்ள வேண்டுமானால் நாயைக் கொல்ல வேண்டும். கடிபட்ட வரலாறு, காலங்கடந்த தடுப்பூசி, தொங்கும் தாடை, எச்சில் பட்ட மனிதர் என நான்கும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கொல்வதுதான் முறை என்று அவர் தொடங்கியதில் தவறில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் தொடங்கியிருப்பேன்.

நான் வைத்த வாதம் ஒன்றே. ரேபிஸ் கிருமி முதலில் மூளையை அடைந்து, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய், பத்து நாளுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். உலகெங்கும் கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது இந்தக் கணக்கின் மேல்தான். பிரின்ஸ் வெளியேற முடியாத கூண்டில் இருக்கிறது. அதைத் தொடுகிற இருவரும் தடுப்பூசி போட்டவர்கள். ஆயாவின் சிகிச்சை நாயின் முடிவுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அப்படியானால் இந்தப் பத்து நாள் யாருக்கும் புதிய ஆபத்தைக் கூட்டாது. நிலை ஒரு படி சரிந்தாலும் அன்றே கருணைக்கொலை செய்து மூளையை அனுப்புவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். திறந்த முற்றத்தில் கட்டிப்போட்ட நாயாக இருந்தால் நானே இந்த அனுமதியைக் கேட்டிருக்க மாட்டேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆயாவுக்கு ஏற்பட்டது மூன்றாம் வகைத் தொடர்பு; வெடித்த தோலில் எச்சில் பட்டால் அது கடிக்குச் சமம். அன்றே புண்ணைச் சுற்றி எதிர்ப்புப்புரத ஊசியும், முதல் தடுப்பூசியும் போடப்பட்டன. அடுத்தவை மூன்றாம், ஏழாம், பதினான்காம் நாள்களுக்கு. பேரனின் முழங்கையைத் தோல் கிழியாத இடத்தில் நாய் நக்கியிருந்தது. அதற்குக் கழுவுவது போதும். ஊசிக்குப் போகத் தயங்கிய ஆயாவிடம், நாய்க்கு இந்த நோய் இல்லாமல் போகலாம், ஆனால் இருந்து, உங்களுக்கும் வந்துவிட்டால், அறிகுறி தெரிந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை என்று மறைக்காமல் சொன்னேன்.

“என்னை விடுங்க தம்பி. அதைக் கொன்னுற மாட்டீங்களே?” என்றார். நான்கு ஊசியையும் நாள் தவறாமல் போட்டுக்கொண்டார்.

பத்து நாளும் நான் எழுதிய குறிப்பேட்டைப் புரட்டினால், வாசகருக்குச் சலிப்புத் தட்டும்; ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே வரிதான். நடை இயல்பு. குரல் இயல்பு. விழுங்குகிறது. தாடை முன்போலவே. இந்தச் சலிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. பக்கவாத வகை ரேபிஸ் நின்ற இடத்தில் நிற்காது. இரண்டு மூன்று நாளில் தொண்டை, கால், மூச்சு என்று படியிறங்கும்.

செலவெல்லாம் உணவூட்டுவதில்தான். அந்த எடையுள்ள நாய்க்கு ஓய்வு நிலையிலேயே நாளொன்றுக்குச் சுமார் 840 கிலோகலோரியும், ஒன்றரை லிட்டரை ஒட்டிய நீரும் வேண்டும். இங்கே மீலி எனப்படும் மக்காச்சோள மாவைக் கூழாகக் காய்ச்சி, டின் உணவோடு அரைத்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, நீண்ட காம்புள்ள கரண்டியால் நாக்கின் அடிப்பகுதியில் வைத்தால் விழுங்கியது. நீர்தான் உள்ளே போகவில்லை. தட்டையான கிண்ணத்தில் நக்கிக் குடிக்கத் தாடையின் உதவி வேண்டும், சிந்தியதுதான் மிச்சம். முதல் இரண்டு நாள் தோலடி வழியாக நீர்மம் ஏற்றினோம். மூன்றாம் நாள் ஆயா தொலைபேசியில் நலம் கேட்டபோது, “கிண்ணத்துல குடிக்கலன்னா வாளியில வெச்சுப் பாருங்க, மாடு மாதிரி முழுக்கிக் குடிக்கும்” என்றார். ஆழமான வாளியை நிரப்பி வைத்தோம். பிரின்ஸ் கண் வரைக்கும் மூஞ்சியை முழுக்கி உறிஞ்சிக் குடித்தது. தாடை தளர்ந்த நாய்க்கு ஆழமான பாத்திரம் வைக்க வேண்டும் என்று நானும் எங்கோ படித்திருக்கிறேன்; ஆனால் நினைவுக்கு வந்தது ஆயாவுக்கு.

என் தவறு ஒன்றும் இதில் உண்டு. முக்கிளை நரம்பின் முதல் கிளை கருவிழிக்கு உணர்ச்சி கொடுக்கிறது. வாய்ப்பக்கமே போகக் கூடாது என்ற எச்சரிக்கையில், முதல் நாளிலேயே கண்ணைச் சோதித்திருக்க வேண்டியவன் விட்டுவிட்டேன். ஆறாம் நாள் இடக்கண் ஓரத்தில் பீளை கண்டு, சாயமிட்டுப் பார்த்தபோது கருவிழியில் கடுகளவு புண் இருந்தது. ஈரப்பஞ்சின் நூலால் தொட்டால் வலக்கண் இமைத்தது, இடக்கண் இமைக்கவில்லை. தூசி விழுந்ததுகூடத் தெரியாத கண் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பும், கண்ணை ஈரமாக வைத்திருக்கும் பசையும் ஆறு மணிக்கொருமுறை போட்டோம். ஒன்பது நாளில் புண் ஆறியது, மெல்லிய வெண்தழும்பு மட்டும் நின்றது. ஆயினும் இந்தத் தவறு ஒரு செய்தியையும் தந்தது: இயக்கும் இழைகள் இருபுறமும் ஓய்ந்திருக்க, உணர்ச்சி இழைகளில் இடப்பக்கம் மட்டும் பாதிப்பு. நோய் நரம்பில்தான் இருக்கிறது என்பதற்கு அது இன்னொரு சான்று.

அக்டோபர் 6ஆம் நாள் பத்தாம் நாள் முடிந்தது. நாய் வாளியில் தலையை முழுக்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் சக மருத்துவர்கள் பலர் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பத்து நாள் பிழைத்தது என்றால், இந்தத் தாடை ரேபிஸால் தொங்கவில்லை என்றும், ஆயா விரல்விட்ட அன்று எச்சிலில் கிருமி இல்லை என்றும் பொருள். மூன்று வாரத்துக்கு முன்பு கடித்த தெருநாய் நோயுற்றதா இல்லையா என்பதற்கு அதில் விடை இல்லை. பிரின்ஸின் உடலில் கிருமி இன்னும் பயணத்தில் இருக்கலாம். ஆகவே பதினோராம் நாளே ரேபிஸ் ஊசி போட்டு, அரசு மருத்துவரின் எழுத்து ஆணைப்படி ஆறு மாத வீட்டுக் காவலில் வைப்பதென்று முடிவாயிற்று: இரட்டை வேலி, வெளியே நடத்திச் செல்வது இல்லை, சிறுவர் அருகே போவது இல்லை.

அதே நாள், மயக்க மருந்து கொடுத்து, இத்தனை நாள் பார்க்க முடியாததை எல்லாம் பார்த்தேன். வாய்க்குள் எலும்பு இல்லை. ஆயாவின் புரட்டாசிச் சான்று உண்மையாயிற்று. தாடை மூட்டுகள், கீழ்த்தாடை எலும்பு, நடுச்செவி எலும்பறை ஆகியவை எக்ஸ்ரேயில் இயல்பு. வாய் முழு அகலத்துக்குத் திறந்தது. மெல்லும் தசைகளுக்கே உரிய 2எம் எனப்படும் இழைகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் தசையழற்சியில் மயக்கத்தில்கூட வாய் திறக்காது என்பதால், அது விலகியது. தசை நொதி, தைராய்டு அளவு இயல்பு. நியோஸ்போரா ஒட்டுண்ணிக்கான எதிர்ப்பொருள் சோதனை எதிர்மறை. நிணநீர்க் கணுக்கள் வீங்கவில்லை. இரத்த அணுக்களில் புற்றின் சாயல் இல்லை. உண்ணி வாதமோ, கெட்ட இறைச்சியின் நச்சால் வரும் பக்கவாதமோ இருந்திருந்தால் கால்கள் முதலில் சொல்லியிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, செலவு அந்தக் குடும்பத்துக்குத் தாங்காது, நாயும் அதற்குள் சரியவில்லை. நரம்பு உறையில் வளரும் கட்டியை அந்தப் படம் இல்லாமல் அறுதியாக விலக்க முடியாது என்றாலும், அது பெரும்பாலும் ஒரு பக்கத்தையே பிடிக்கும்.

இத்தனையும் கழிந்து எஞ்சியதற்கு ஒரு பெயர் உண்டு: காரணம் அறியப்படாத முக்கிளை நரம்புத் தளர்ச்சி. இறந்த நாய்களின் நரம்புகளைப் பார்த்தவர்கள், நரம்பு முடிச்சிலும் கிளைகளிலும் சீழில்லாத அழற்சியையும், இழைகளை மூடியுள்ள உறை கரைந்திருப்பதையும் கண்டார்கள், மூளைத்தண்டு பாதிக்கப்படவில்லை. உறை மீண்டும் வளர்வதால்தான் நாய்கள் தாமாகத் தேறுகின்றன. 2002இல் அமெரிக்க மருத்துவர்கள் 29 நாய்களின் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் 26க்குக் காரணம் அகப்படவில்லை, கோல்டன் ரிட்ரீவர் இனம் அளவுக்கு மீறி இருந்தது, தேறுவதற்குச் சராசரியாக 22 நாள் ஆயிற்று, ஸ்டீராய்டு கொடுத்தது போக்கை மாற்றவில்லை.

பேரனுக்கு இந்தப் பெயர் நிறைவளிக்கவில்லை. காரணம் அறியப்படாதது என்று பெயர் வைக்கவா இத்தனை சோதனை என்று கேட்டார், நியாயமான கேள்வி. ஒரு வாரம் கழித்து அவரே ஒரு காரணத்தோடு வந்தார்: நோய் தொடங்குவதற்கு முந்தைய நாள் பிரின்ஸ் ஒரு பழைய டயரைக் கவ்விக்கொண்டு முற்றம் முழுவதும் ஓடியதாம். பெரிய பொருளைக் கவ்வித் தூக்கும்போது வாய் அளவுக்கு மீறித் திறந்து நரம்பின் இயக்குக் கிளைகள் இழுபட்டிருக்கலாம் என்பது நூல்களில் உள்ள பழைய ஊகம்தான். ஆனால் அந்த நாய் ஆறு ஆண்டுகளாக அதே டயரைக் கவ்வி வருகிறது. இடக்கண்ணின் உணர்ச்சி போனதையும் டயர் விளக்காது. பொருந்தும் கதை கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக அதைக் கோப்பில் காரணமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘உரிமையாளர் கூறியது’ என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்.

பதினான்காம் நாளன்று குடும்பத்தார் ஸ்டீராய்டு ஊசி கேட்டார்கள். கொடுத்திருந்தால், இரண்டு நாள் கழித்து நடந்ததற்கு நான் பெயர் வாங்கியிருப்பேன். பதினாறாம் நாள் காலை, உருண்டையை வைத்தபோது தாடை இம்மியளவு உயர்ந்து கரண்டிக் காம்பைத் தொட்டது. பத்தொன்பதாம் நாள் பாதி வாயை மூடி அரை நிமிடம் தாங்கியது. அந்த இடைக்காலத்தில், அகன்ற மீள்துணிப் பட்டையை மூக்கைச் சுற்றித் தளர்வாக மாட்டி, வாய் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் திறந்திருக்குமாறு வைத்தோம். நாக்கு உலராமலும், ஓய்ந்த தசை மேலும் இழுபடாமலும் இருக்க அது உதவுகிறது. நாய்க்குப் பாதங்களில் தவிர வியர்வை வழி கிடையாது, இளைப்பதுதான் அதன் முதன்மையான குளிர்ச்சி என்பதால், வெயில் ஏறிய நேரங்களில் பட்டையைக் கழற்றிவிட்டோம். பன்னிரண்டாம் நாள் 25.1 கிலோவுக்கு இறங்கியிருந்த எடை மெல்ல ஏறத் தொடங்கியது.

அக்டோபர் 18ஆம் நாள், இருபத்திரண்டாம் நாள், பிரின்ஸ் தட்டிலிருந்து தானாக எடுத்து, மென்று தின்றது. அன்று ஐப்பசி முதல் நாள். வீட்டில் மறுபடி கறி சமைத்திருந்தார்கள். கோழி எலும்பைப் போடலாமா என்று ஆயா கேட்டனுப்பினார். சமைத்த கோழி எலும்பு எந்த நாய்க்கும் ஆகாது, எலும்பில்லாத சதையைக் கொடுங்கள் என்றேன்.

முப்பதாம் நாள் கடிப்பின் வலிமை ஏறக்குறைய இயல்பாக இருந்தது. நெற்றிப்பொட்டுத் தசைகள் இருபுறமும் குழிந்து, நாய்க்கு வயது கூடிய முகம் வந்திருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் வலப்பக்கம் நிரம்பியது, இடப்பக்கம் நிரம்பவில்லை. இடக்கண் இப்போது இமைக்கிறது. ஆனால் வலக்கண்ணைவிடத் தாமதமாக.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வீட்டுக் காவல் முடிந்தது. அரசு மருத்துவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்து, படிவத்தில் கையெழுத்திட்டார். அன்று எடை 27.6 கிலோ. இடப் பொட்டில் விரல் நுனி அமரும் அளவுக்குக் குழி இருக்கிறது. நோயறிதல் என்ற கட்டத்தில் முக்கிளை நரம்புத் தளர்ச்சி, இருபக்கம், என்று எழுதியிருக்கிறேன். காரணம் என்ற கட்டம் வெற்றாக இருக்கிறது.